அடிவால் இறகு

திருவேங்கடம்
பங்குனி கடைசி வாரம்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. காட்டுப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனதில் கண்டெடுத்து நீ செல்போனில் அனுப்பிய இறகுப் படங்கள் வந்துசேர்ந்தன. "என்ன பறவை அத்தை?" என்று உன் ஊகங்களுக்குக் கீழே ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் அடங்காது. அந்தக் கண்ணாடிச் சதுரத்தில் விரலால் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமையும் கிடையாது. ஆகவே தாளில்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். அது மலை இம்பீரியல் புறா. இந்தியாவில் உள்ள புறாக்களிலேயே உடம்பில் பெரியது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 43 முதல் 51 செ.மீ. வரை போகும். கோபுரத்து மாடப்புறா 33 செ.மீ.தான் என்றால் பார்த்துக்கொள். பருந்தாக இருக்குமோ என்று நீ நினைத்ததில் குற்றமில்லை, அந்த நீளத்துக்கு யாருக்கும் பருந்துதான் முதலில் தோன்றும். உன் தோழி இருவாச்சி என்றாளாமே, அதுவும் நியாயமான ஊகம். மயில் என்று சொன்ன பையனை மட்டும் ஒருநாள் திருவேங்கடத்துக்கு அனுப்பு. இங்கே சோளக்காட்டில் தினமும் மயில் விரட்டுகிற வேலை இருக்கிறது, அவனுக்கும் பழகும்.

ஆனால் அத்தை சொன்னாள் என்று கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதிவிடாதே. அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். நீயும் அதே வழியில் வந்து பார், ஒத்துவந்தால் எழுது.

நீ அனுப்பியவற்றில் பெரும்பாலானவை நீள வால் இறகின் படங்கள். வெயிலில், நிழலில், உள்ளங்கையில், பாறைமேல் என்று அதையே சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறாய். கடைசியில் ஒரே ஒரு படம், அதுவும் மங்கல்: மெத்தென்ற ஒரு சின்ன இறகு, துவைத்துத் துவைத்துப் பழுத்த வேட்டி நிறத்தில். போகிறபோக்கில் எடுத்திருப்பாய். பறவையின் பெயர் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. நீள இறகு பறவை எவ்வளவு பெரியது என்று சொல்லும். பெயரைச் சொல்வது பெரும்பாலும் உடம்பில் மறைந்துகிடக்கிற சின்ன இறகு.

இறகைக் கண்டதும் எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, இது உடம்பில் எந்த இடத்து இறகு என்பதுதான். ஒரே பறவையின் நெஞ்சு இறகையும் சிறகு இறகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பறவைகள் என்று சத்தியம் செய்வாய். உன் நீள இறகைப் பார். தண்டு கிட்டத்தட்ட நேராக இருக்கிறது, நுனி அகலமாக, வட்டமாக முடிகிறது, அடியில் இழை இல்லாத காம்பு குட்டையாக இருக்கிறது. இதெல்லாம் வால் இறகின் குணம். சிறகு நுனியின் இறகு என்றால் நுனி குறுகி, தண்டு ஒரு பக்கமாக வளைந்து, காம்பு இன்னும் நீளமாக இருக்கும்.

அடுத்து, வாலில் எந்தப் பக்கம். தண்டுக்கு இரண்டு புறமும் உள்ள இழை ஒரே அகலமாக இருந்தால் அது வாலின் நடு இறகு. உன்னுடையதில் ஒரு புறம் குறுகல். காம்பைக் கீழே வைத்து, நுனி மேலே, இறகின் மேற்புறம் உன்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொள். குறுகிய இழை வலப்புறம் வந்தால் அது பறவையின் இடப்பக்கத்து இறகு. இடப்புறம் வந்தால் வலப்பக்கத்தது. சிறகு இறகுக்கும் இதே கணக்குத்தான். உன் படத்தில் குறுகிய இழை வலப்புறம் இருக்கிறது. ஆக, இடதுபக்கத்து வெளி வால் இறகு. நீ பக்கத்தில் ஸ்கேல் வைத்திருந்தாய் பார், அதற்கு அத்தையின் மனமார்ந்த பாராட்டு. பதினெட்டு செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. மாடப்புறாவின் வால் இறகு பத்துப் பன்னிரண்டு செ.மீ.யோடு நின்றுவிடும். மணிப்புறா, மரகதப்புறா எல்லாம் இந்த இடத்திலேயே விலகிவிடுகின்றன. (மரகதப்புறாதான் நம் மாநிலப் பறவை. தேர்வுக்குக் கேட்பார்கள், நினைவு வைத்துக்கொள்.)

நீளம் வைத்துப் பார்த்தால் பருந்து, கழுகு, இருவாச்சி எல்லாம் போட்டியில் இருக்கின்றன. இப்போது கோலத்தைப் பார். கழுகு, பருந்துச் சாதியில் வால் இறகில் பெரும்பாலும் குறுக்கே பல பட்டைகள் ஓடும். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு மேலே பறக்கிற மலபார் சாம்பல் இருவாச்சிக்கு வெளி வால் இறகுகளின் நுனி வெள்ளை. உன் இறகில் அடியிலிருந்து முக்கால் பங்குக்குக் கருப்பு கலந்த பழுப்பு, நுனியில் அகலமாக ஒரே ஒரு வெளிர்சாம்பல் பட்டை. மாடப்புறாவுக்கு இதற்கு நேர் எதிர்: வால் சாம்பல், நுனியில் கருங்கரை. ஒரு மாடப்புறா வால் இறகை எடுத்து இந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார், சிரிப்பு வரும். அதே துணியை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பித் தைத்தது மாதிரி இருக்கும்.

இனி மிச்சம் இருப்பது பெரும்புறாக்கள் மட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்றைத்தான் யோசிக்க வேண்டும்.

நீலகிரிக் காட்டுப்புறா முதலாவது. சைக்ஸ் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி விவரித்து, பம்பாய் கவர்னராக இருந்த எல்பின்ஸ்டன் பெயரை அறிவியல் பெயரில் சேர்த்தார். தென்மேற்கு இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, அழிவு அபாயப் பட்டியலிலும் இருக்கிறது. அதன் பிடரியில் கருப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் விரித்ததுபோன்ற இறகுகள். அதில் ஒன்று கிடைத்தால் குழந்தைகூடப் பெயர் சொல்லிவிடும். வாலோ நுனிவரை ஒரே கருமை, பட்டை கிடையாது. விலக்கிவிடலாம்.

இரண்டாவது, பச்சை இம்பீரியல் புறா. இதுவும் பெரியது, 45 செ.மீ. வரும். தலையும் நெஞ்சும் சாம்பல், முதுகும் சிறகும் வாலும் உலோகப் பச்சை. இலங்கையில் தாழ்நிலக் காடுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். அதன் வாலில் நுனிப்பட்டை இல்லை. இங்கே ஒரு சிக்கல் உண்டு, கவனி. அந்தப் பச்சை சாயம் இல்லை. இறகின் நுண்ணிழைகளில் ஒளி பட்டு எதிரொளிக்கிற விதத்தால் வருகிற மினுக்கம். இறகை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பச்சை மறைந்து வெறும் கரும்பழுப்பு தெரியும். மேகமூட்டத்தில் எடுத்த படத்திலும் பச்சையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. "பச்சையே இல்லை, அதனால் பச்சை இம்பீரியல் இல்லை" என்று நீ எழுதியிருந்த தர்க்கம் இதனால்தான் நிற்காது. வெயிலில் இறகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபிறகே அந்த வாக்கியத்தை எழுதலாம்.

அந்தச் சந்தேகத்தை முடித்துவைக்கிறது உன் மங்கலான படம். மெத்தென்று, தளர்வாக, அடிப்பாதி முழுக்கப் பஞ்சாக இருக்கிற அந்த இறகு வாலுக்கு அடியில், எச்சத்துவாரத்துக்குப் பின்னால் மூடியிருப்பது. அடிவால் இறகு என்று வைத்துக்கொள். பச்சை இம்பீரியலுக்கு அந்த இடம் அழுத்தமான அரக்குச் சிவப்பு. மூன்றாவதான மலை இம்பீரியலுக்கு வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளை. மரத்தின் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும்போது நமக்குத் தெரிகிற ஒரே இடமும் அதுதான் என்பது ஒரு வசதி. உன் இறகு வெளிறிய மஞ்சள். வாலில் நுனிப்பட்டை, அடிவால் வெளிறல், பதினெட்டு செ.மீ.: மூன்றும் ஒரே பறவையைத்தான் காட்டுகின்றன. ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் "இருக்கலாம்" என்று எழுதியிருப்பேன்.

நம் பக்கத்து மலைப்புறாவைப் பற்றிப் பட்டியல்காரர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. இமயமலையிலிருந்து மலேசியா, இந்தோனேசியா வரை இருப்பதும் நம் மேற்கு மலையில் இருப்பதும் ஒரே இனமா என்பது அது. நம்முடையதை மதராஸ் மாகாணத்தில் கம்பெனி டாக்டராக இருந்த ஜெர்டன் 1840இல் தனியாகவே விவரித்தார். பிறகு வெகுகாலம் துணையினமாக அடக்கி வைத்திருந்தார்கள். இப்போது மறுபடி தனி இனமாகப் பிரித்துக் காட்டுகிற பட்டியல்கள் வந்திருக்கின்றன. படிவத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதில் டிக் போடு, சண்டைக்குப் போகாதே.

பட்டியலில் பெயர் சேர்ப்பதைவிட எனக்குப் பிடித்தது இதன் தொண்டை. மாடப்புறாவும் பச்சைப்புறாவும் (பச்சை இம்பீரியல் இல்லை, இது வேறு சாதி) விதையை இரைப்பையில் அரைத்துத் தீர்த்துவிடும். பழம் தின்றாலும் மரத்துக்கு அவற்றால் லாபமில்லை. இம்பீரியல் புறா இனங்களுக்கு வாய் அகல விரியும், இரைப்பை மென்மையானது. பெரிய பழத்தை அப்படியே விழுங்கி, சதையைச் செரித்து, கொட்டையை முழுசாக வெளியே தள்ளிவிடும். காட்டுச் சாதிக்காய், கருங்குங்கிலியம் மாதிரி பெருங்கொட்டை மரங்களை இருவாச்சியையும் இதையும் விட்டால் தூக்கிப்போக வேறு யார்? மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் டி. கணேஷ், பிரியா டேவிதார் என்ற ஆய்வாளர்கள் எந்த மரத்துப் பழத்தை எந்தப் பிராணி கொண்டுபோகிறது என்று பல வருஷம் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் கட்டுரைகள் உன் கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் படி. நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்த வேலை, பாடப்புத்தகத்தில் ஒரு வரி நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

சாதிக்காய் என்றதும் டச்சுக்காரன் கதை ஞாபகம் வருகிறது. 1621இல் டச்சுக் கம்பெனி பண்டா தீவுகளைக் கொலைவெறியோடு பிடித்தது. சாதிக்காய் வியாபாரம் தன் ஒருத்தன் கையில் இருக்க வேண்டும், மரம் வேறெங்கும் முளைக்கக் கூடாது என்று பிற தீவுகளில் இருந்ததை வெட்டித் தள்ளினான். நம் புறாவின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் அங்கே உண்டு. அவை அந்தக் கொட்டைகளை விழுங்கிக்கொண்டு தீவு விட்டுத் தீவு பறந்தன. இயற்கையியலாளர் வாலஸ் பண்டாவுக்குப் போனபோது இந்தப் புறாக்கள் சாதிக்காயைச் சாதிபத்திரியோடு விழுங்குவதையும் கொட்டை சேதமில்லாமல் வெளிவருவதையும் தம் பயண நூலில் எழுதினார். குற்றாலத்திலும் வெள்ளைக்காரக் கம்பெனி சாதிக்காயும் கிராம்பும் போட்டுத் தோட்டம் வளர்த்தது. நம் ஊர்ப் புறா அந்தத் தோட்டத்தில் கைவைத்ததா என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை போலிருக்கிறது. கைவைத்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். செங்கோட்டை கடந்து ஆரியங்காவு இறங்கினால் செந்துருணி, குளத்துப்புழைப் பக்கம் காட்டுச்சாதி மரங்கள் சதுப்பிலேயே நிற்கின்றன. இந்தப் பறவைக்கு மாநில எல்லை தெரியாது. சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தபோது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956இல்தான் நம் பக்கம் வந்தது.

நீ இன்னொன்று எழுதியிருந்தாய்: "பாவம், ஏதோ அடித்துத் தின்றுவிட்டது." அவசரப்படாதே. நரியோ மரநாயோ தின்றிருந்தால் இறகின் காம்பு கடிபட்டு உடைந்திருக்கும், எச்சிலில் ஒட்டிக் கற்றையாகக் கிடக்கும். உன் படத்தில் காம்புகள் முழுசு. கழுகு அல்லது வல்லூறு பிடுங்கினால் காம்பு முழுசாக வரும், தண்டில் அலகு பட்ட வடு இருக்கும். அப்படியானால் சிறகு இறகும் நெஞ்சு இறகும் சேர்ந்தே சிதறிக் கிடக்க வேண்டும். நீ பார்த்தது வாலும் அடிவாலும் மட்டும். ரத்தம் இல்லை, எலும்பு இல்லை. புறாக்களுக்குத் தோல் மெல்லிசு, இறகுகள் தளர்வாகத்தான் நட்டிருக்கும். பின்னாலிருந்து ஏதாவது பாய்ந்தால் வாலைக் கொத்தாக எதிரியின் நகத்திலேயே விட்டுவிட்டுப் பறந்துவிடும். பல்லி வாலை விடுகிற கதைதான். வால் மறுபடி முளைக்கும். இந்நேரம் அது மொட்டை வாலோடு ஏதாவது குங்கிலிய மரத்தில் உட்கார்ந்திருக்கலாம். கொன்று தின்றது என்று சொல்ல உன்னிடம் ஆதாரம் இல்லை.

உனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் நுண்ணோக்கி இருக்கிறது. இறகின் அடிப்பஞ்சில் ஒரு சிறு இழையை வைத்துப் பார்த்தால், இழை நெடுகக் கணுக்கள் தெரியும். பறவை வகைக்கு வகை அந்தக் கணுவின் வடிவம் பெரும்பாலும் வேறுபடும். புறாக் குடும்பத்துக்கு அது நான்கு மடலாக விரிந்திருக்கும். புறா என்று மட்டும் சொல்லும், எந்தப் புறா என்று சொல்லாது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ராக்ஸி லேபோர்ன் என்று ஒரு அம்மாள் இருந்தார். 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் ஒரு பயணிகள் விமானம் கிளம்பிய கையோடு விழுந்து 62 பேர் இறந்தார்கள். என்ஜினுக்குள் இருந்த இறகுத் துணுக்குகளை வைத்து அந்த விபத்து மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்தால் வந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். இறகைப் பார்த்துப் பறவை சொல்வது ஒரு துறையாக நிலைத்தது அவரால்தான். நம் நாட்டில் 2021இல் அகமதாபாத்தில் ஈஷா முன்ஷியும் கால்நடை மருத்துவர் ஷெர்வின் எவரெட்டும் இந்தியப் பறவைகளின் இறகுகளுக்கென்றே ஒரு நூலகம் தொடங்கினார்கள். ஒவ்வொரு இறகையும் அளந்து, படமெடுத்து வைக்கிறார்கள். இதுவரை இதற்கென்று நமக்கு ஒரு கையேடுகூட ஒழுங்காக இல்லாமல் இருந்ததை நினைத்தால், ஆசிரியையாக இருந்த எனக்கு அவர்கள்மேல் பொறாமையே வருகிறது.

இனி கொஞ்சம் கண்டிப்பு. ஒரு படத்தில் உன் மேஜையும் நோட்டும் தெரிகின்றன. அதாவது ஒரு இறகை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாய். கீழே கிடந்ததுதானே என்பாய். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பறவையின் இறகும் அடக்கம். உதிர்ந்ததா பிடுங்கியதா என்று யாரால் நிரூபிக்க முடியும்? தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. பழைய அட்டவணையில் புறாக் குடும்பம் முழுவதையும் சேர்த்துவிட்டு மாடப்புறாவை மட்டும் விட்டிருந்தார்கள். 2022 திருத்தத்தில் அட்டவணைகளையே மாற்றி எழுதிவிட்டார்கள். எப்படியும் நீங்கள் நடந்தது சரணாலயக் காடு. அதற்குள்ளிருந்து ஒரு சருகையும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. கணக்கெடுப்புக்கு உங்களை அழைத்துப்போன வனவரிடம் நேரே போய், நடந்ததைச் சொல்லி, இறகை ஒப்படைத்துவிடு. தேதி, இடம், உயரம் எழுதிய துண்டுத்தாளோடு கொடு. அப்படிக் கொடுத்தால் அது ஆவணம். அடுத்த தடவை கிடைத்தால் கிடந்த இடத்திலேயே ஸ்கேல் வைத்து, மேற்புறம் ஒரு படம், அடிப்புறம் ஒரு படம், வெளிச்சத்துக்கு எதிரே ஒரு படம், பிறகு அங்கேயே விட்டுவிடு. சுற்றி ஒரு கஜ தூரத்துக்குச் சின்ன இறகுகளைத் தேடு. கையை சோப்பு போட்டுக் கழுவு. நுண்ணோக்கிப் பழக்கத்துக்குக் கல்லூரிக் கட்டடத்தின் மாடப்புறா இறகு போதும்.

இறகோடு நின்றுவிடாமல் குரலையும் கேட்டுவை. அடித்தொண்டையிலிருந்து 'ஊம்... ஊம்' என்று கனமாக வரும், தூரத்துக்குக் கேட்கும். பறவை கண்ணில் படாத காட்டில் அதுதான் வருகைப்பதிவு.

உங்க அப்பா நேற்று போன் போட்டு, பொம்பளைப் பிள்ளை காடுகாடாகச் சுற்றுகிறாள், நீதான் ஏற்றிவிடுகிறாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் அண்ணே, நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தேர்வைப் பார். சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி போகிற ஆளிடம் மிளகாய் வத்தலும் கொஞ்சம் அதிரசமும் கொடுத்துவிடுகிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ள உன் தம்பியை அனுப்பு. வத்தலை இரண்டு வெயில் காயவைத்துவிட்டு டப்பாவில் போடச் சொல் அம்மாவிடம்.

அன்புடன்,
அத்தை